மூன்று தட்டு

முதலை காட்டுவது என்றால் அந்தச் சதுப்பில் முதலைக்காரியை விட்டால் ஆள் கிடையாது. மற்ற படகுக்காரர்கள் மிதக்கிற மரக்கட்டையைக் காட்டிக் கதை விடுவார்கள். இவள் படகில் ஏறியவர்களில் ஒருவர்கூட ஏமாந்து திரும்பியதில்லை. ரகசியம் சின்னதுதான். தம்பி இன்ஜினை அணைப்பான். இவள் துடுப்பின் அடிக்கட்டையால் படகின் பக்கத்தில் மூன்று தட்டு தட்டுவாள். பெரியவர் வந்துவிடுவார். பதினோரு அடி நீளம். கோழிக்கால் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்த வழியே போய்விடுவார். ஆறு வருடமாக இந்த உறவு நடக்கிறது.

நேற்று படகுத்துறையில் வனத்துறை அறிவிப்பு ஒட்டியது. விலங்குகளுக்கு இரை போடும் படகின் உரிமம் ரத்தாகும். முதலைக்காரி அதை இரண்டு முறை படித்தாள். இன்று கோழி வாளியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள். போடுவதுமில்லை, தட்டுவதுமில்லை, அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தாள். பெரியவருக்கு அறிவிப்பைப் படிக்கத் தெரியுமா என்று மகராசி யோசிக்கவில்லை.

படகில் எட்டுப் பேர். கழுத்தில் பெரிய கேமராவோடு ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், பள்ளிக்கூட லீவில் மகளைக் கூட்டி வந்த ஒரு அம்மா, மற்றவர்கள் ஒரே ஆபீஸ்காரர்கள். நீர்நாயைப் பார்த்தார்கள். மரங்கொத்தியைப் பார்த்தார்கள். “முதலை எப்பம்மா வரும்?” என்று வாத்தியார் நான்காவது முறை கேட்டபோது இன்ஜின் இருமி நின்றது.

தண்ணீருக்குள் சுழலும் இன்ஜின் விசிறியில் பாசியும் கிழிந்த வலையும் சுற்றிக்கொண்டிருந்தன. தம்பி படகிலிருந்தே கத்தியை விட்டு அறுத்துப் பார்த்தான். விசிறியைப் பிடித்திருந்த இரும்புப் பின் வளைந்துபோயிருந்தது. அதைத் தட்டிக் கழற்றப் படகிலிருந்து வாகு கிடைக்காது. சட்டையைக் கழற்றினான்.

“இறங்காதடா. கம்பு ஊனியே போயிடலாம்.”

“எட்டு பேரை வச்சுக்கிட்டா? பொழுது சாஞ்சிடும்க்கா. பெரியவர் அந்தப் பக்கம் மேட்டுல வெயில் காயற நேரம் இது. அவரோட நேரம் நமக்குத் தெரியாதா?”

தெரியும்தான். அந்தத் தெரியும் என்ற திமிர்தான் இருவரையும் கெடுத்தது. அவன் மார்பளவுத் தண்ணீரில் நின்று பின்னைத் தட்டிக் கழற்றச் சுத்தியலை எடுத்தான்.

டக். டக். டக்.

அவளுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. அவன் பின்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி மூன்று தட்டினான். சத்தம் இன்ஜின் தகரத்தில் ஏறி, படகின் அடிப்பலகை வழியாக அவள் உள்ளங்காலுக்கு வந்தது. ஆறு வருடமாகத் தன் கையால் தட்டிய சத்தம் அது. தலையைத் தூக்கினாள். எதிரே பச்சைப் பாசி நேர்கோடாகப் பிளந்துகொண்டு வந்தது.

கத்தினால் அவன் பதறித் தண்ணீரை அடிப்பான். அடித்தால் அது இன்னும் வேகமாக வரும். அவள் குரலைத் தணித்தாள்.

“தம்பி. தட்டாத. சுத்தியலை விடு. மெதுவா படகைப் பிடி.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சுத்தியலை விட்டுவிட்டுப் படகின் விளிம்பைப் பிடித்தான்.

“வாத்தியாரய்யா, கேமராவைக் கீழே வைங்க. ரெண்டு பேரா அவன் கையைப் பிடிச்சுத் தூக்குங்க. சத்தம் போடாம.”

துடுப்பை எடுத்துக்கொண்டு முன்முனைக்கு ஓடினாள். குனிந்து தட்டினாள். மூன்று. பாசிக்கோடு நிற்கவில்லை. மறுபடி மூன்று, பலமாக. கோடு தயங்கியது. பின்பக்கம் தம்பியின் கால் சேற்றில் புதைந்து, இழுக்க இழுக்க வராமல் இருந்தது. ‘என்கிட்ட வா, என்கிட்ட வா’ என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். மூன்றாவது தடவை தட்டியதும் கோடு வளைந்து அவள் பக்கம் திரும்பியது.

பெரியவர் துடுப்புக்கு அடியில் வந்து வாயைத் திறந்தார். வழக்கமான வாடிக்கையாளர். காத்திருந்தார். அவள் கையில் ஒன்றுமில்லை. தட்டுவதை நிறுத்தவும் முடியாது, கையை எடுக்கவும் முடியாது. மூடிய வாய் மறுபடி திறந்தது. இந்த முறை துடுப்பின் நுனி அதற்குள் போய் முறிந்தது. அதே நேரம் பின்னால் தொப்பென்று தம்பி படகுக்குள் விழுந்தான்.

சின்னப் பெண் கைதட்டியது. ஆபீஸ்காரர்களும் தட்டினார்கள். “ஏம்மா, காசுக்கு மேல காட்டிட்டீங்க! இன்னொரு தடவை கூப்பிடுங்க” என்றார் ஒருவர். வாத்தியார் மட்டும் தட்டவில்லை. தம்பியின் ஈரத் தோளை அவர் கையால் பிடித்திருந்தார்.

விசிறியின் பழைய பின் ஏற்கெனவே கழன்றிருந்தது. புதியதைப் போட்டு, படகிலிருந்தே குனிந்து விசிறியை மாட்டி, தம்பி மெதுவாகப் படகை விட்டான். பெரியவர் போகவில்லை. கூப்பிட்டுவிட்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பியது அவருக்கு இதுதான் முதல் தடவை. படகுக்குப் பின்னால் முப்பதடி தள்ளி வந்துகொண்டே இருந்தார்.

கடைசி வளைவு தாண்டியதும் துறை தெரிந்தது. அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தவர்கள் பலகையில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தார்கள்.

“நிறுத்துடா!”

போனை எடுத்துத் துறை ஆபீசைக் கூப்பிட்டாள். “எல்லாரையும் பலகையை விட்டுக் கரையில ஏத்துங்க. இப்பவே. எங்க பின்னாடி முதலை வருது.” அவர்கள் எழுந்து பின்வாங்கும் வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள். பிறகு அறிவிப்பில் இருந்த வனத்துறை எண்ணை அழுத்தினாள்.

“வேணாம்க்கா, பொழப்பு போயிடும்” என்றான் தம்பி.

“நீ போயிருந்தா?”

எதிர்முனையில் யாரோ எடுத்தார்கள். “சார், முதலை ஒன்னு துறைக்கிட்ட வந்திருக்கு. இல்ல சார், தானா வரல. நான்தான் கறி போட்டுப் பழக்கினேன். இனிமே எந்தப் படகுல யார் தட்டினாலும் வரும். சீக்கிரம் வாங்க.”

படகு எண் கேட்டார்கள். வேண்டாம் என்று தம்பி கையை ஆட்டினான். அவள் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு எண்ணைச் சொன்னாள்.