பக்கத்து சீட்டின் பெல்ட்

மூன்றாவது திருகு அசைந்து கொடுக்கவில்லை. லவோன் காருக்குள், பக்கத்து சீட்டைக் கழற்றிய இடத்தில் மல்லாந்து படுத்தபடி, கதவுக்கு மேலே கூரையோரமாக ஓடிய மெல்லிய தண்டவாளத்தை முறைத்துப் பார்த்தாள். பிறகு காதில் மாட்டியிருந்த ரேடியோவின் பொத்தானை அழுத்தினாள்.

"வரமாட்டேங்குது வெர்லின்."

கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம், முன்னறையில் வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவள் கணவனின் பதில் வந்தது.

"வரும். மொதல்ல இறுக்குற பக்கமா ஒரு இழை திருப்பு. அப்புறம் கழட்டு."

"கழட்டுறதுக்கு எதுக்கு இறுக்கணும்?"

"சொன்னதச் செய்யேன்டி. நீ சமைக்கும்போது நான் ஏதாவது கேட்டிருக்கேனா?"

"உப்பு எங்கன்னு தினம் கேட்ட."

காதுக்குள் கரகரவென்று ஒரு சத்தம். சிரித்தானா இருமினானா தெரியவில்லை. லவோன் இறுக்கும் பக்கமாகத் திருப்பினாள். டக்கென்று பிடி விட்டது.

அது அவளுடைய கார். தொண்ணூற்றொன்றில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்தபோது புதிதாக வாங்கியது. அந்தக் காலத்துக் கார்கள் சிலவற்றில் பெல்ட்டை நாம் மாட்ட வேண்டியதில்லை. கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினால், முன்கண்ணாடியோரம் தொங்கும் பெல்ட் மோட்டாரின் முனகலோடு தண்டவாளத்தில் பின்னோக்கி நகர்ந்து, தானாக வந்து தோளைக் கட்டிக்கொள்ளும். பதினெட்டு வருடம் ஓட்டிய பிறகு அவள் வேறு கார் வாங்கினாள். பழையதை வெர்லின் எடுத்துக்கொண்டான். தானியக் கிடங்கில் மெக்கானிக்காக இருந்தவன் அவன். வாரமெல்லாம் அங்கே இயந்திரங்களைப் பார்ப்பான். சனிக்கிழமையானால் நண்பன் டெல்மரோடு பந்தயத்துக்குக் கிளம்பிவிடுவான். யாரும் சீந்தாத பழைய கார்கள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும் பந்தயம். லவோன் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. சனிக்கிழமைகளை அவளுக்குப் பிடிக்காது.

போன செப்டம்பரில் இந்தக் காரை முதன்முதலாகக் கொண்டுபோனபோது, களத்தின் வாசலிலேயே சோதனைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். "தானா ஓடுற பெல்ட்டோட உள்ள விடமாட்டேன். கார் கவுந்தா வெளிய வரும்போது கழுத்துல சிக்கும். தண்டவாளம் மண்டையப் பொளந்துரும். எல்லாத்தையும் உருவிட்டு, உள்ள இரும்புக் கூண்டு கட்டி, ஆறு முனை பெல்ட் மாட்டிக் கொண்டா." நான்கு மணி நேரம் ஓட்டிக்கொண்டு திரும்பி வந்த வெர்லின், "அவன் சொன்னது சரிதான்" என்று மட்டும் சொன்னான். குளிர்காலம் முழுக்க கராஜில் வெல்டிங் பொறி பறந்தது. கூண்டு முடிந்தது. ஓட்டுநர் பக்கத்துத் தண்டவாளமும் மோட்டாரும் வெளியே வந்தன. மார்ச்சில் அவன் கண் மஞ்சளானது. கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஜூனில் நிற்க முடியாமல் போனது.

நாளை மறுநாள் பந்தயம். இன்று நான்கு மணிக்கு டெல்மர் டிரெய்லரோடு வந்து காரை ஏற்றிப் போவதாக ஏற்பாடு. மிச்ச வேலையை டெல்மரே முடித்திருக்கலாம். வெர்லின் விடவில்லை. "அவன் கையில ஸ்பானரக் குடுத்தா போல்ட்டோட தலையக் கொண்டாந்து குடுப்பான். நீ செய். நான் சொல்றேன்" என்றான்.

திங்கட்கிழமை அவன் கேட்டானே என்று, பந்தயத்தில் ஓட்டுநரோடு பேச வைத்திருந்த அந்த ரேடியோவை லவோன் காதில் மாட்டினாள். கட்டிலில் படுத்ததிலிருந்து அவன் யாரோடும் பேசியதில்லை. மகள் ஃபோனில் கேட்டாலும் பாதிரியார் நேரில் கேட்டாலும் "நல்லாருக்கேன்", அவ்வளவுதான். ரேடியோவில் அப்படியில்லை. அவன் திட்டினான், கிண்டலடித்தான், நட்டுக்கு அடியில் எந்த வாஷர் என்று சண்டை போட்டான். ஒருநாள் வேலை அது. லவோன் அதை நான்கு நாளாக இழுத்தாள். தினமும் மாலையில் ஏதாவதொரு திருகை வேண்டுமென்றே விட்டுவைத்தாள்.

இன்று காலை வந்த நர்ஸ் பெர்னிஸ், போர்வையை விலக்கி, நீலம் பாரித்திருந்த அவன் பாதங்களைப் பார்த்தாள். சமையலறைக்கு வந்து தணிந்த குரலில் சொன்னாள்: "இன்னிக்கி அவரு பக்கத்துலயே இருங்க லவோன்." லவோன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரைமணி நேரம் போனது. கடைசியில், "காருக்குப் போயேன்" என்றான். "அங்கேருந்து பேசு."

தண்டவாளம் வளைந்து நெளிந்து கையோடு வந்தது. தூணுக்குள்ளிருந்து மோட்டாரையும் உருவினாள். இருபத்தோரு வருடத் தூசி மடியில் கொட்டியது.

"வந்துருச்சு" என்றாள்.

"பெல்ட்டு?"

"அதுவும்."

ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது. பேச வருகிறான் என்று காத்திருந்தாள்.

"அந்த பெல்ட்டு நகந்து வரும்போது நீ தாடையத் தூக்குவ."

"என்னது?"

"சனிக்கெழம டவுனுக்குப் போவோமே, நான் ஓட்டுவேன். நீ அந்தப் பக்கம் ஒக்காருவ. பெல்ட்டு கழுத்துல ஒரசக் கூடாதுன்னு தாடைய இப்படித் தூக்குவ. பெரிய ராணி மாதிரி. அதப் பாக்கவே சாவியத் திருப்பிட்டு இஞ்சின உடனே போடமாட்டேன்."

"இஞ்சின் சூடாகணும்னு சொன்ன?"

"அது டீசல் வண்டிக்குடி. பெட்ரோல் கார்ல எதுக்கு சூடாகணும்?"

லவோன் மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பந்தயம் வருவதற்கு முன்னால் சனிக்கிழமைகள் அவளுடையவையாக இருந்தன என்பது இத்தனை வருடத்தில் அவளுக்கே மறந்திருந்தது. எழுந்து உள்ளே ஓடி அவனை உலுக்கிக் கேட்கவேண்டும் போலிருந்தது. உள்ளே போனால் அவன் கூரையைப் பார்ப்பான்.

பொத்தானை அழுத்தினாள். "வெர்லின், பயமா இருக்கா?"

"வாஷரோட வழவழப்பான பக்கம் கீழ இருக்கணும்" என்றான்.

"சரி" என்றாள்.

ஓட்டுநர் சீட்டுக்கு நகர்ந்தாள். புது பெல்ட்டுக்கு ஆறு முனை: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைநடுவே இரண்டு. ஐந்து முனைகள் ஏற்கெனவே முடிந்திருந்தன. மிச்சமிருந்தது இடுப்பின் இடது முனை. நேற்று அவள் விட்டுவைத்தது. தரைக்கு அடியில் கையகல இரும்புத் தகட்டையும் அதில் நட்டையும் வெர்லின் பிப்ரவரியிலேயே பற்றவைத்திருந்தான். போல்ட்டை விரலால் ஏற்றி, பிறகு ஸ்பானரைப் போட்டாள்.

"மைக்க அதுகிட்டக் கொண்டுபோ" என்றான். குரல் மெலிந்திருந்தது. "சத்தம் கேக்கணும்."

ரேடியோவைக் கழற்றித் தரையோடு வைத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி முறுக்கினாள். இரும்பு கிரீச்சிட்டது. பொத்தானை விட்டு ரேடியோவைக் காதருகே கொண்டுபோனாள்.

"இன்னும் கால் சுத்து."

ரேடியோவை மறுபடி தரையில் வைத்துப் பொத்தானை அழுத்தி, முழு பலத்தையும் கொடுத்தாள். நகர்ந்தது.

"இப்ப?" என்றாள்.

ரேடியோவை மறுபடி காதில் மாட்டினாள். அவன் பொத்தானை அழுத்தியிருந்தான். அந்த அறை அவள் காதுக்குள் கேட்டது. மேசை விசிறியின் ஓசை. ஜன்னலுக்கு வெளியே சோளக்கொல்லையில் சிள்வண்டு. அவன் பேசப்போகிறான் என்று அசையாமல் காத்திருந்தாள். விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில், வேறு எந்தச் சத்தத்தை இதில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது.

ஸ்பானரைக் கீழே வைத்தாள். பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். கொஞ்சமும் அசையவில்லை. பிறகுதான் இறங்கினாள்.

முன்னறைக்குள் நுழைந்தபோது அவளுடைய காலடி ரேடியோ வழியாக அவளுடைய காதிலேயே கேட்டது. வெர்லினின் கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரலை மெல்ல எடுத்தாள். காதில் அந்த அறை நின்றுபோனது.

பெர்னிஸ் வந்து இறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டாள். இறுதிச்சடங்கு நிலையத்துக்காரர்கள் உடலை எடுக்க வர ஆறு மணி ஆகும் என்றார்கள். நான்கு மணிக்குச் சொன்னபடி டெல்மரின் டிரக் வாசலில் வந்து நின்றது. ஆறடி உயரமும் அதற்கேற்ற உடம்புமாக இருந்தவன், லவோனின் முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். முன்னறைக்குள் போனான். வெளியே வர இருபது நிமிடமானது.

"நான் போகல" என்றான், கண்ணைத் துடைக்காமல். "காரு இங்கயே இருக்கட்டும்."

"நீ போகலேன்னா நாலு நாளா நான் எதுக்கு அதுக்குள்ள மல்லாந்து கெடந்தேன்?"

"நீயா மாட்டுன?"

"போய்ப் பாரு."

கராஜில் அவன் குனிந்து ஒவ்வொரு போல்ட்டாக ஸ்பானர் போட்டுச் சோதித்தான். ஐந்தாவதை முடித்து இடுப்பின் இடது முனைக்கு வந்தபோது, "அதத் தொடாத" என்றாள் லவோன்.

டெல்மர் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஸ்பானரைப் பைக்குள் போட்டான்.

கார் டிரெய்லரில் ஏறியது. பக்கத்து சீட் இருந்த இடம் வெறும் தகரமாகத் தெரிந்தது. சங்கிலியை மாட்டிவிட்டு, அவளை ஒரு கையால் அணைத்து, டெல்மர் கிளம்பினான். அப்போது ஃபோன் அடித்தது. அரிசோனாவிலிருந்து மகள் கரீன். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. நாளைக் காலை விமானம் கிடைத்துவிட்டது என்றாள். பிறகு கேட்டாள்:

"அப்பா கடைசியா என்னம்மா சொன்னாரு?"

லவோன் சமையலறை ஜன்னலருகே நின்றாள்.

"இன்னும் கால் சுத்துன்னாரு."

அதற்கு மேல் ஏதாவது வரும் என்று கரீன் காத்திருக்கிறாள் போல. லவோன் ஜன்னல் வழியே பார்த்தாள். வீட்டுப் பாதை தார்ச்சாலையில் சேரும் இடத்தில் டெல்மரின் டிரக் நின்றிருந்தது. இடப்பக்கம் திரும்புவதற்கான விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. சாலையின் இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வண்டிகூட இல்லை. விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. டிரக் இன்னும் திரும்பவில்லை.