வாள் நுனியில ஒரு சாண்

எல்லாருக்கும் வணக்கம்பா. சொகமா கீறீங்களா? இந்தப் புழுக்கத்துல கைகால் வலியெல்லாம் எப்டி கீது? சரி, காத்தாட குந்திக்கினு படிங்க. எண்ணூர்ல கரண்டு பேக்டரி கட்டிக்கினு இருந்த காலத்துல நடந்தது இது.

ராயபுரத்துல மீன் விக்கிற ஃப்ளோரா, கூடையக்கூட எறக்கி வெக்காம போலீஸ் ஸ்டேஷன் உள்ள நின்னுக்கினு இருந்தா. மேசையில பேப்பர் விரிச்சி, அதும்மேல ஒரு வாளு. வாளுன்னு சொன்னாத்தான் வாளு. கருவாடு கணக்கா கறுத்துச் சுருங்கி, தொட்டா பொலபொலன்னு உதுருது. எண்ணூர் முகத்துவாரத்துல அவ புருசன் லூயிஸ் வலையில மாட்டினது. தூக்கிப் போட மனசு வராம கூரையில சொருகி வெச்சிருந்தான். அது அங்க கெடக்கறதே அவளுக்கு மறந்துபோச்சி. அப்பால, தன் வலைய அறுத்துட்டான்னு அதே தெரு சவரிநாதனோட லூயிஸுக்குப் பெரிய சண்டை. அந்த வாரமே சவரிநாதன் வயித்துல குத்துப்பட்டு கரையில செத்துக் கெடந்தான். போலீசு வந்து கூரையில இருந்த வாளையும் எடுத்துக்கினு, லூயிஸையும் உள்ள தள்ளிட்டாங்க.

"நான் குத்தல புள்ள"ன்னு அவன் ஒரே ஒரு வாட்டிதான் சொன்னான். அவளுக்கு அதே போதும்.

வக்கீல் அருள்நாதன் தெம்பு குடுத்திருந்தாரு. "அது எந்தக் காலத்து வாளுன்னு தெரிஞ்சவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும்மா. செத்த இரும்பு எப்படிக் குத்தும்னு நான் கேட்டுக்கறேன்." அதுக்குத்தான் கோர்ட்டு சொல்லி, பழஞ்சாமான் பாக்கத் தெரிஞ்ச ஆபீசர் ஒருத்தரு வந்திருந்தாரு. வாளு வூட்டுல எங்க இருந்துச்சின்னு சொல்ல ஃப்ளோராவையும் வரச் சொன்னாங்க. வக்கீலும் கூட வந்திருந்தாரு.

ஆபீசர் சீமெண்ணெய்ல பஞ்ச முக்கி, கொழந்தைக்கு மூஞ்சி தொடைக்கிற மாதிரி பதமா தொடைச்சாரு. கைப்பிடியில பித்தளை பச்சை பூத்திருந்துச்சி. பூதக்கண்ணாடிய வெச்சிக்கினு ரொம்ப நேரம் பாத்தாரு.

"டச்சுக்காரன் வாள். பழவேற்காட்ல அவன் கோட்டை கட்டி இருந்த காலம். இருநூறு வருசத்துக்கு மேல இருக்கும். சேத்துல புதைஞ்சதால இவ்வளவாவது மிச்சம்."

ஃப்ளோரா மாதாவேன்னு கூடைய எறக்கி வெச்சா. வக்கீல் மூஞ்சியில சிரிப்பு.

ஆனா ஆபீசர் கண்ணாடிய கீழ வெக்கல.

"துரு ரெண்டு விதமா இருக்கே. இது மரப்பட்டை மாதிரி கறுப்பு, பழசு. நுனியில ஒரு சாணுக்கு மட்டும் மெல்லிசா சிவப்பு. இந்த மழையில புடிச்சது. அரம் போட்டு ராவி, கூராக்கி இருக்காங்க."

இன்ஸ்பெக்டர் நாற்காலிய இழுத்துப் போட்டாரு. "இன்னாம்மா, யாரு ராவினது?"

வூட்டுக்குப் பின்னால அரம் போட்ட சத்தம் அவ காதுல இப்பத்தான் கேக்குது. சண்டைக்கு மறுநாள் அது. இன்னாய்யா பண்றேன்னு அடுப்பாண்ட இருந்தே கேட்டா. தூண்டி முள்ளு ராவறேன்னான் லூயிஸு. அவளும் எட்டிப் பாக்கல.

"நான்தான் சார்."

"நீயா? எதுக்கு?"

"சொரா அறுக்க."

ஆபீசர் தலை நிமிந்தாரு. "நுனிய மட்டுமா?"

"வயித்தக் கிழிக்கணுமில்ல சார்" அப்டீன்னா. சவரிநாதனுக்கும் வயித்துலதான் குத்துன்னு சொன்னதுக்கு அப்பறந்தான் நெனப்பு வந்துச்சி. இன்ஸ்பெக்டர் எழுதிக்கினாரு. வக்கீல் அவளைப் பாக்கவே இல்ல.

வூட்டுக்கு வந்து கொடத்த எடுத்துக்கினு அடிபம்புக்குப் போனா. ஒரே கூட்டம். சவரிநாதன் பொண்டாட்டி ரோசி அடிச்சிக்கினு இருந்தா. இவளைப் பாத்ததும் தன் கொடத்த நவுத்தி வெச்சிட்டா.

"ஏண்டி, எங்களுக்கெல்லாம் மொறை இல்லையா?"ன்னு வரிசையில ஒருத்தி கத்தினா.

"செத்தது என் புருசன், கொடம் என்துது, நீ ஏன் பேஜார் பண்ற?"ன்னா ரோசி. அப்பறம் கொரலை எறக்கி, "யக்கா, இன்னா சொன்னாங்கோ? அண்ணன் கையால இல்லன்னு தெரிஞ்சா போதுங்க்கா. நம்ம தெருவுல நான் தலைய நிமித்தி நடப்பேன். உன் மூஞ்சியப் பாப்பேன்."

"ரொம்பப் பழசாம் ரோசி. இருநூறு வருசமாம்."

"நான் சொல்லல? எனக்குத் தெரியும்க்கா, எனக்குத் தெரியும்." முந்தானையில மூஞ்சிய தொடைச்சிக்கினு, ஃப்ளோரா கொடத்த கொழா அடியில வெச்சி ரோசி அடிக்க ஆரம்பிச்சா. கொடம் ரொம்பி வழிஞ்சிச்சி. தண்ணி ரெண்டு பேர் காலையும் நனைச்சிக்கினு சாக்கடைக்கு ஓடுது. ரோசி நிறுத்தல. போதும்னு ஃப்ளோராவும் சொல்லல.

உங்க வூட்டாண்ட யாராச்சும் இப்டி வாய மூடிக்கினு இருந்திருந்தா, இல்ல நீங்களே இருந்திருந்தா, கீழ எழுதுங்கோ. ஒண்ணு வுடாம படிக்கிறேன்.