தவக்காலத்தில் திறந்த பியர்

பேசாலையில் வலையும் கயிறும் விற்கும் பஸ்ரியனிடம் விலை குறைத்து வாங்கிக்கொண்டு போனவர் எவருமில்லை. அந்த மனுசன் ஒரேயொரு இடத்தில் மாத்திரம் பேரம் பேசவில்லை. மனைவி எடித்தைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோன அன்று, இவள் பிழைத்தால் ஒவ்வொரு தவக்காலத்திலும் குடியில் ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தார். எடித் பிழைத்தாள். வீட்டுக்கு வந்த அன்றே கறிக்கு உப்புக் காணாதென்று அவரை ஏசினாள்.

கனடாவில் மகள் ஜெயனி வீட்டில் இருவரும் ஒரு பியரைப் பாதிப் பாதியாகக் குடித்திருந்தார்கள். தோடம்பழத் தோலைப் பிய்த்த மணம், பின்னால் நல்ல கசப்பு. ஊருக்கு வந்தும் பஸ்ரியனுக்கு அதே நினைவு. அதேமாதிரி தானே காய்ச்சுவதென்று நின்றார். ஜெயனி பார்லியில் எடுத்த மோல்ட் பாகும், ஈஸ்ட்டும், அந்த மணத்தைக் கொடுக்கிற ஹொப்ஸ் பூவை அரைத்து இறுக்கிய உருண்டைகளும் அனுப்பினாள்.

“ஆட்டுப் புழுக்கை இஞ்ச இல்லையெண்டோ கனடாவில இருந்து எடுப்பிச்சனீங்கள்?” என்றாள் எடித்.

காய்ச்சி ஆற்றி ஈஸ்ட் போட்டபின், வெக்கைக்குப் பயந்து வாளியை மீன்பெட்டிக்குள் இறக்கினார். அதோடு நின்றிருக்கலாம். மீனுக்குப் போடுகிற கணக்கில் ஐஸைக் கொட்டிவிட்டார். ஈஸ்ட் விறைத்து உறங்கிப்போனது. அதைத் தட்டியெழுப்பி, பியர் நொதித்து, போத்தலில் காஸ் ஏறுவதற்குள், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் வந்து போய்விட்டது.

“உடன குடியுங்கோ அப்பா,” என்றாள் ஜெயனி தொலைபேசியில். “ஈஸ்டர் மட்டும் வைச்சா கசப்பு நிக்கும், மணம் போயிரும்.”

அதே பியர்தானா என்று அறியாமலே போய்விடுமோ? கனடாவில் அதைக் குடித்த வேறு நாக்கு இந்தத் தீவிலேயே ஒன்றுதான்.

“எடித், நீ ஒருக்காக் குடிச்சுப் பாரன்.”

“தவக்காலத்திலயோ?”

“நீ இறைச்சியைத்தானே விட்டனி? நேர்த்தி என்ர வாய்க்கு. உன்ர வாயைக் கட்ட என்னால ஏலுமே?”

போத்தலைத் திறந்ததும் நுரை எழும்பியது. பஸ்ரியன் மூக்கை நீட்டினார். எடித் கிளாசை எட்டப் பிடித்தாள்.

“மணக்கிறதும் அரைவாசிக் குடிதான். பின்னுக்குப் போங்கோ.”

ஒரு மிடறு குடித்தாள். சரக்குப் பார்க்க வந்த வியாபாரியைப்போல முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

“சொல்லன்!”

“தோடம்பழம் இருக்கு. கசப்பு ஆறுதலாப் பின்னால வருது.”

“அப்ப, அதுதானோ?”

இன்னும் ஒரு மிடறு. “அதில்லை.”

பஸ்ரியன் கதிரையில் தொப்பென்று இருந்தார்.

“அது அரைக் கிளாசோட போதும் எண்டு வைச்சிட்டன்,” என்று எடித் மிச்சத்தையும் குடித்துவிட்டு வெறுங்கிளாசை நீட்டினாள். “இது அப்பிடியில்லை. ஊத்துங்கோ.”

பஸ்ரியன் ஊற்றினார். விரலில் வழிந்த நுரையை வாய்வரைக்கும் கொண்டுபோய், எடித்தைப் பார்த்துவிட்டு, சாரத்தில் துடைத்துக்கொண்டார்.