கமிஷனரின் ஒப்புதலுக்காக

கிரெய்க் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து டுவேன் வீட்டுக் கீழ்த்தளத்து மேசையில் வைத்தபோது, அதற்கு இடம் பண்ணுவதற்காக என் பீர் பாட்டிலைத் தள்ளி வைத்தவன் டுவேன். கிரெய்க் அல்ல, டுவேன். அதை நான் கவனித்தேன். இந்த வயதில் இதையெல்லாம் கவனிக்கக் கூடாதுதான். ஆனால் கண் நம்மைக் கேட்டுக்கொண்டா பார்க்கிறது?

மார்ச் கடைசி. ஈரி ஏரிப் பக்கமிருந்து இன்னும் பனி வந்து விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் எட்டுப் பேர், எங்களில் ஒருவனான ஸ்டாஷின் மனைவி சுட்டுக் கொடுத்தனுப்பிய, உள்ளே இறைச்சி வைத்த பெப்பரோனி உருண்டைகளைத் தின்றபடி, எங்கள் ஃபேண்டஸி லீக்கை இணையத்தில் எந்தத் தளத்தில் குடியேற்றுவது என்று முடிவு செய்யக் கூடியிருந்தோம். எங்களில் பெரும்பாலோர் ரயில் எஞ்சின் ஆலையில் ஒன்றாகக் கிடந்தவர்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் இதே மேசையில் உட்கார்ந்து நிஜமான பேஸ்பால் ஆட்டக்காரர்களை ஏலம் எடுத்து ஆளுக்கொரு அணி சேர்ப்போம். அவர்கள் எங்கோ சிகாகோவிலும் பாஸ்டனிலும் அடிப்பதும் எறிவதும் இங்கே எங்கள் காகித அணிகளின் கணக்கில் ஏறும். செப்டம்பரில் முன்னால் நிற்பவனுக்கு ஒரு பித்தளைக் கோப்பையும், அடுத்த வருடம் வரைக்கும் மற்றவர்களைக் கேலி செய்யும் உரிமையும்.

இதற்கெல்லாம் கமிஷனர் நான். தொடங்கிய நாளிலிருந்து நான்தான். காலையில் செய்தித்தாளில் வரும் ஆட்ட விவரங்களைப் பார்த்து நானே புள்ளி போடுவேன். திங்கள் மாலை ஒவ்வொருவராக எனக்குப் போன் செய்து நிலவரம் கேட்டுக்கொள்வார்கள். இரண்டு பேர் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதென்றால் இருவரும் தனித்தனியாக என்னைக் கூப்பிட வேண்டும். நான் அதை வாய்விட்டு ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் செல்லும். டுவேன் எப்போதும் கடைசியில்தான் கூப்பிடுவான், தனக்குப் பின்னால் யாரும் காத்திருக்கக் கூடாதென்று. நிலவரம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். பிறகு அவன் முழங்கால், என் முதுகு, ஆலையில் எங்களை மேய்த்த ஃபோர்மன் எவனெவன் செத்தான், எல்லாம் வரும். என் மனைவி லொரெய்ன் சாப்பாட்டை இரண்டாவது முறை சூடுபண்ணுவாள்.

இந்த வருடம் செய்தித்தாள்காரர்கள் அந்த ஆட்ட விவரப் பக்கத்தையே நிறுத்திவிட்டார்கள். அதனால் இணையம். அதனால் கிரெய்க்.

கிரெய்க் டுவேனின் பக்கத்து வீட்டுக்காரன். காப்பீட்டுக் கம்பெனியில் கணினி வேலை. போன வருடம் எங்கள் லீக்கிலிருந்த கஸ் ஃபுளோரிடாவுக்குக் குடிபோனதும் காலியான இடத்துக்கு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், டுவேன் இவனை அழைத்து வந்துவிட்டான். நல்ல பையன். அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும். குளிர்காலம் முழுக்க டுவேன் வீட்டு வாசல் பனியை இவன்தான் அள்ளிப்போட்டானாம். டுவேன் இதை என்னிடம் இரண்டு முறை சொன்னான். என் வாசல் பனியை நான்தான் அள்ளினேன், இந்த முதுகோடு.

பேச்சில் இருந்தவை இரண்டு தளங்கள். ஒன்றின் முகப்பு நீலம், மற்றதன் முகப்பு பச்சை. பெயர் யாருக்கும் வாயில் நுழையாததால் நீலம், பச்சை என்றே சொல்லிக்கொண்டோம். கிரெய்க்குக்கு நீலம்.

"நீலத்துல எல்லாம் தானா நடக்கும், வெர்ன். ரெண்டு பேரும் சரின்னு அமுக்கினா அந்த நிமிஷமே ஆள் மாறிடுவான். உங்களுக்கு ஒரு தலைவலியும் கிடையாது."

"எனக்குத் தலைவலின்னு உங்கிட்ட யாரு சொன்னா?"

"அவனுக்கு எங்க தலைவலி? நமக்குத்தான் அவனால தலைவலி" என்றான் ஸ்டாஷ். எல்லோரும் சிரித்தார்கள். டுவேனும்.

பச்சைத் தளத்தில் எதுவுமே கமிஷனர் ஒப்புக்கொள்ளாமல் நகராது. நான் அந்த வாரம் முழுக்க, மகள் கொடுத்துவிட்டுப் போன பழைய மடிக்கணினியைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு தளங்களையும் குடைந்து பார்த்திருந்தேன். எங்கள் லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. போன வருட ஆட்டக்காரர்களில் மூன்று பேரை ஏலத்துக்கு விடாமல் அவரவர் வைத்துக்கொள்ளலாம். நீலத் தளத்தில் அதற்கு இடமில்லை என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு, உள்ளுக்குள் உள்ளாக ஒரு பக்கத்தில் அதற்கான கட்டத்தைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்து, பேசாமல் மூடிவிட்டேன்.

"நீலத்துல மூணு பேரை வச்சுக்க முடியாது" என்றேன். "நான் பார்த்துட்டேன்."

கிரெய்க் புருவத்தைச் சுருக்கினான். "அப்படியா? எங்கயாவது இருக்கும்னு நெனச்சேனே..."

"ஒரு வாரமா பார்த்திருக்கேன் தம்பி."

அவன் மடிக்கணினிப் பக்கம் கையைக்கூடக் கொண்டுபோகவில்லை. வயதில் பெரியவன் சொல்லிவிட்டான் என்று விட்டுவிட்டான். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டு எடுத்தோம். பச்சைக்கு நான்கு, நீலத்துக்கு மூன்று, மிச்சம் டுவேன். அவன் நீலம் என்று சொல்லிவிட்டால் சரிபாதி. அதன்பிறகு யார் பேச்சு எடுபடும் என்று எனக்குத் தெரியும். டுவேன் வாயிலிருந்த உருண்டையை முழுக்க மென்று விழுங்கி, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"வெர்ன் பார்த்துட்டேன்னா பார்த்துட்டான். பச்சை."

அன்றைக்குக் காரை ஓட்டிக்கொண்டு வந்தபோது நான் பாடினேன். எனக்குப் பாட்டு வராது.

ஆனால் ஜெயித்தவன் நான், ஊர்வலம் போனவன் கிரெய்க். பச்சைத் தளத்தில் எப்படி நுழைவது, கடவுச்சொல்லை எங்கே போடுவது என்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை. கிரெய்க் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தான். ஸ்டாஷின் மனைவி அவனுக்கு ஆப்பிள் கேக் செய்து போட்டாளாம். டுவேன் வீட்டில் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தானாம். என் வீட்டுக்கும் வரட்டுமா என்று கேட்டான். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். பிறகு என் அணிக்குப் பெயர் போடவே எனக்கு ஒரு காலைப்பொழுது பிடித்தது.

சீசன் தொடங்கி முதல் திங்கள் வந்தது. மாலையில் நான் வழக்கம்போல் சமையலறையில் போனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்னும் சுவரில் மாட்டிய போன்தான் எங்களுக்கு. ஒருவரும் கூப்பிடவில்லை. நிலவரம்தான் திரையில் நிமிஷத்துக்கு நிமிஷம் ஓடுகிறதே, எதற்குக் கூப்பிடுவார்கள்? இதை நான் யோசிக்காமல் இல்லை. மற்றவர்கள் கூப்பிட மாட்டார்கள் என்று தெரியும். டுவேன் கூப்பிடுவான் என்று நினைத்திருந்தேன். அடுத்த திங்களும் அப்படியே. லொரெய்ன் சாப்பாட்டை ஒரே ஒரு முறைதான் சூடுபண்ணினாள், அதை நேரத்துக்குச் சாப்பிட்டோம்.

மே மாதம் ஒரு காலையில் பச்சைத் தளம் எனக்கு ஒரு செய்தி அனுப்பியது. கமிஷனரின் ஒப்புதலுக்காக ஒரு மாற்று காத்திருக்கிறது. டுவேனிடமிருந்து கிரெய்க்குக்கு மெரிடா. கிரெய்க்கிடமிருந்து டுவேனுக்கு இரண்டு இளம் ஆட்டக்காரர்கள். கீழே இரண்டு பொத்தான்கள், ஒப்புதல் என்று ஒன்று, மறுப்பு என்று ஒன்று.

மெரிடா இடதுகைக்காரன், டுவேன் அணியின் பிட்சர். அவன் பந்தை எறிகிற அழகைப் பார்த்துவிட்டு முதல் வருடமே நான் அவனைக் கேட்டேன். அடுத்த வருடமும் கேட்டேன். வருடா வருடம் கேட்டேன். என் அணியில் யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். "மெரிடாவா? அவனுக்குப் பதிலா என் பொண்டாட்டியக் கேட்டாக்கூட யோசிச்சு சொல்றேன்" என்பான். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அவன் தரமாட்டான் என்பதாலேயே நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அந்த மெரிடாவைத்தான் தூக்கி, வந்து ஒரு வருடம் ஆன பயலுக்குக் கொடுக்கிறான். மாற்று நியாயமானது, ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். மறுப்பை அமுக்கினால் மற்ற ஏழு பேருக்கும் என் மனசு தெரிந்துபோகும். ஒப்புதலை அமுக்க விரல் வரவில்லை. திரையை மூடிவிட்டு, புல் வெட்டப் போனேன்.

அன்று மாலை போன் அடித்தது.

"டேய், உயிரோட இருக்கியா?" டுவேன்.

"யாரு?" என்றேன், தெரியாதவன் மாதிரி.

"உன் தாத்தா. ஏன்டா, நாங்க ஒண்ணு அனுப்பினோமே, பார்த்தியா? மெரிடா."

"ஒண்ணும் வரலையே. இந்தப் பச்சை ரொம்ப மெதுவா இருக்கு."

"சரி, வரும்போது வரட்டும். முதுகு எப்படி இருக்கு?"

முதுகில் தொடங்கி, அவன் முழங்காலுக்கு டாக்டர் சொன்னது, அவன் மகன் வாங்கிய லாரி, ஏரியில் இந்த வருடம் மீன் கிடைக்காதது என்று இருட்டும்வரை பேசினோம். போனை வைத்தபோது என் காது சுட்டது. லொரெய்ன் சூடுபண்ணிய தட்டை என் முன்னால் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பொத்தானை அமுக்கிட்டியா?"

"நாளைக்கு."

மறுநாளும் அவன் கூப்பிட்டான். இன்னும் வரவில்லை என்றேன். "ஓஹோ" என்றான், பிறகு ஃபோர்மன் ஒருவன் மூன்றாவது கல்யாணம் செய்துகொண்ட கதையைச் சொன்னான். அதற்கு மறுநாள் கூப்பிட்டபோது மெரிடாவைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. நான் ஒவ்வொரு காலையிலும் தளத்தைத் திறந்து, அந்த மாற்று அப்படியே காத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பிடித்த மீனைத் தொட்டியில் விட்டு வைத்தவன் எட்டிப் பார்ப்பதுபோல.

"டுவேன் உன்ன விட்டுட்டு வேற யாரோடயோ ஓடிப்போன மாதிரி இருக்க நீ" என்றாள் லொரெய்ன்.

"எனக்குப் பொறாமைன்னு சொல்றியா?"

"பின்ன? நான் எவன் கூடப் பேசினாலும் நீ இப்படி மூஞ்சியத் தூக்கினதில்லையே."

நாலாம் நாள் போன் அடிக்கவில்லை. நான் நாற்காலியிலேயே இருந்தேன். ஒருவேளை போனில் கோளாறோ என்று எடுத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. இரும்புக் கடையில் தோட்டக் குழாய்க்கு ஒரு வாய்முனை வாங்கப் போனேன். அந்த அலமாரி வரிசையில் கிரெய்க் நின்றிருந்தான். ஒளிந்துகொள்ள இடமில்லை.

"மெரிடா நாளைக்கு எறியறான், வெர்ன்" என்றான். உடனே, "அவசரமில்ல. நீங்க யோசிக்கறீங்கன்னு டுவேன் சொன்னார்" என்றான்.

"என்ன யோசிக்கறது? நான் இன்னும் அதைப் பார்க்கவே இல்ல. தளம் மெதுவா இருக்கு."

அவன் கையிலிருந்த வாய்முனையைத் திருகித் திருகிப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. எனக்காக அவன் வெட்கப்படுகிறான் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"வெர்ன், தளத்துல ஒவ்வொருத்தர் பேருக்குப் பக்கத்துலயும் சின்னதா ஒரு புள்ளி இருக்கு. நாம உள்ள இருந்தா அது எரியும். எல்லாருக்கும் தெரியும்."

"டுவேனுக்கும்?"

"அவருக்குத்தான் மொதல்ல தெரியும். உங்க புள்ளி எரியறதப் பார்த்துட்டுத்தான், 'இன்னிக்கும் அவனைக் கூப்பிடணும்'னு சொல்வார்."

என்ன வாங்க வந்தேன் என்பதை மறந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். முதலில் கிரெய்க் மேல் கோபம் வந்தது. அவன் ஏன் இதை என்னிடம் சொல்ல வேண்டும்? பிறகு டுவேன் மேல். பொய் என்று தெரிந்துகொண்டே என் பொய்யைக் கேட்டுவிட்டு, லாரியைப் பற்றியும் மீனைப் பற்றியும் பேசியிருக்கிறான். அந்த மூன்று மாலைகளும் எனக்கு இரக்கப்பட்டுக் கொடுத்தவையா, அவனுக்கும் வேண்டியிருந்தவையா? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் தெரியவில்லை. நேற்று ஏன் அவன் கூப்பிடவில்லை?

மடிக்கணினியைத் திறந்தேன். எங்கள் எட்டுப் பேரின் பெயர்களும் ஓரத்தில் வரிசையாக இருந்தன. தினமும் பார்த்த இடம்தான், அந்தப் புள்ளிகளை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் எரிந்தது. டுவேன் பெயருக்குப் பக்கத்திலும் எரிந்தது. மற்றவையெல்லாம் அணைந்திருந்தன. அவனும் இப்போது இதே பக்கத்தை, என் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சுவர்ப் போனைப் பார்த்தேன். அது அடிக்கவில்லை. நான் காத்திருந்தேன். அது அடிக்கவில்லை.

எழுந்து ரிசீவரைக் கையில் எடுத்தேன். எடுத்த பிறகுதான் எந்த எண் என்ற கேள்வி வந்தது. இத்தனை வருடத்தில் அவன்தான் கூப்பிடுவான். கமிஷனரை அவர்கள் கூப்பிட வேண்டும், அதுதான் சட்டம். என் விரல் பொத்தான்கள் மேல் சும்மா நின்றது.

"யாரைக் கூப்பிடணும்?" லொரெய்ன் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டுவேனை."

அவள் தண்ணீரை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்காமல், கேலியும் செய்யாமல், எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் ஒவ்வொன்றாக அமுக்கினேன்.

அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியது. போனின் சுருள் கம்பியை இழுத்துக்கொண்டு மேசைவரை வந்து திரையைப் பார்த்தேன். ஒப்புதல், மறுப்பு இரண்டும் அப்படியே இருந்தன. டுவேனின் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. இன்னொரு மணி. இன்னொன்று. பிறகு அந்தப் புள்ளி அணைந்தது. மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.