முதலை வாலும் ஐந்தாம் ஞாயிறும்

ஜுமாதியின் வீட்டு வாசல் நான்காம் வட்டத்தில் இருந்தது. அடுப்படி ஐந்தாம் வட்டத்தில் இருந்தது. நடுக்கூடத்துக்கு அடியில் டச்சுக்காரன் காலத்துச் சாக்கடை ஒன்று ஓடியது. அதுதான் இரண்டு வட்டங்களுக்கும் எல்லை. வீட்டைக் கட்டிய மாமனார் சாக்கடையை மூடினார். எல்லையை மூட அவருக்குத் தோன்றவில்லை.

இதனால் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர. நான்காம் வட்டத்தார் மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் கூடித் தெருவைக் கூட்டி வாய்க்காலில் தூர் எடுப்பார்கள். ஐந்தாம் வட்டத்தாருக்கு இரண்டாம், நான்காம் ஞாயிறுகள். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தே ஆகவேண்டும். ஒரு தலைவர் வாசலைக் காட்டிக் கூப்பிட்டார், இன்னொருவர் அடுப்படியைக் காட்டிக் கூப்பிட்டார். பதினோரு வருஷமாக ஜுமாதி இரண்டுக்கும் போய்க்கொண்டிருந்தான். தியாகத் திருநாளில் இறைச்சி பங்கு வைக்கும்போது மட்டும், அவர்கள் கொடுத்திருப்பார்கள் என்று இரண்டு பக்கமும் நிம்மதியாக இருந்துவிடும்.

அவனிடம் ஒரு பாட்டுப் புறா இருந்தது. கென்ஜெரான் கடற்கரைத் திடலில் மாதாமாதம் முதல் ஞாயிறு புறாக்களைக் கூண்டோடு உயரக் கம்பத்தில் ஏற்றி, எது நன்றாகக் கூவுகிறது என்று மதிப்பெண் போடுவார்கள். ஜுமாதியின் புறாவுக்கு நான்கு வயது. இன்னும் ஒரு கம்பத்தைக்கூடக் கண்டதில்லை. முதல் ஞாயிறு என்றால் வாய்க்கால்.

"அது கெழவனானப்புறம் கூட்டிட்டுப் போய் என்ன பண்றது? இருமல் போட்டியிலயா விடப்போறீங்க?" என்று கேட்டாள் மனைவி வினார்த்தி. அவள் பேச்சில் வழக்கம்போல நியாயம் இருந்தது.

ஆகஸ்ட் பிறந்தால் சுராபாயா நகரில் சந்துக்குச் சந்து சுதந்திர தின வளைவு கட்டிப் போட்டி போடுவார்கள். இரண்டு வட்டங்களுக்கும் சந்து முனை ஒன்றே என்பதால் வளைவும் ஒன்றே. இந்த வருஷம் அதன் மேல் சூரோவையும் போயோவையும் வைப்பதென்று முடிவாயிற்று. சூரோ சுறா, போயோ முதலை. ஊர்ப் பழங்கதையில், கடல் உனக்கு, ஆறு எனக்கு என்று இரண்டும் பேசி வைத்துக்கொண்டன. ஒருநாள் சுறா பசியோடு ஆற்றுக்குள் புகுந்தது. முதலை அதன் வாலைக் கடித்தது, அது முதலையின் வாலைக் கடித்தது. சுறா கடலுக்குத் திரும்பியது. முதலையின் வால் அன்றைக்கு இடப்பக்கம் வளைந்ததுதான், இன்னும் நிமிரவில்லை. ஊருக்கே பெயர் கொடுத்த சண்டை.

ஆற்றோரத்து நான்காம் வட்டம் முதலையைக் கேட்டது. துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த ஐந்தாம் வட்டம் சுறாவைக் கேட்டது. எது மேலே எது கீழே என்று மூன்று கூட்டம் நடந்தது. மூன்றிலும் வேர்க்கடலைதான் தீர்ந்தது.

நான்காவது கூட்டத்தில் ஜுமாதி கை தூக்கினான். அவன் சிமென்ட் தொட்டியும் மாடிக் கைப்பிடித் தூணும் வார்க்கிறவன். இரண்டு மிருகத்தையும் தானே கூலியில்லாமல் செய்து, பக்கத்துக்கு ஒன்றாக வைத்துவிடுகிறேன் என்றான். நடுவர் எந்த மிருகத்தைச் சிறந்தது என்கிறாரோ, அதைக் கேட்ட வட்டமே தன்னை வைத்துக்கொள்ளட்டும், மற்றது விட்டுவிடட்டும் என்றும் சொன்னான். நான்காம் வட்டத் தலைவர் பாக் குஸ்னானும் ஐந்தாம் வட்டத் தலைவர் பாக் மர்சூக்கியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, உடனே சம்மதித்தார்கள். இருவருக்கும் தோற்பதாக எண்ணமில்லை.

ஜுமாதிக்கு எது ஜெயிக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. சுறா ஜெயித்தால் அவன் ஐந்தாம் வட்டத்து ஆள். முதல் ஞாயிறு அவனுடையது. எனவே சுறாவுக்குப் புதுக் கம்பி, கோழிவலை, மூன்று பூச்சு. உடைந்த பீங்கான் தட்டை ஒவ்வொரு பல்லாகச் செதுக்கிப் பதித்தான். சுறா பார்க்கவே பயமாக இருந்தது.

மிச்சம் மீதியில் முதலை. தூக்கக் கலக்கத்தில் வயிற்றுக்குச் சாந்து கூடிவிட்டது, அதைச் சரிசெய்யவில்லை. வாலுக்கென்று கிடைத்த கம்பி ஏற்கனவே கொக்கியாக வளைந்திருந்தது, அதை நிமிர்த்தவில்லை. முகம் மட்டும் தானாக வந்தது. வேலைக்கு வராதவன் வீட்டு வாசலில் நிற்கும்போது பாக் குஸ்னானின் முகம் எப்படி இருக்குமோ, அப்படியே. ஊர் முழுக்க அதைக் கவனித்தது, பாக் குஸ்னானைத் தவிர. அவர் மட்டும் முதலையிடம் ஒரு கம்பீரம் இருப்பதாகச் சொன்னார்.

பத்தாம் தேதி காலை பேட்டை அலுவலகத்திலிருந்து இபு ருசியாத்தி என்ற அம்மாள் நடுவராக வந்தார். அதற்குள் ஏழு வளைவு பார்த்திருந்தார். ஏழிலும் வாழ்த்துரை கேட்டிருந்தார். சுறாவை அண்ணாந்து பார்த்து, "நல்ல வேலை," என்று குறித்துக்கொண்டார். ஜுமாதிக்குக் கென்ஜெரான் கம்பங்கள் கண்ணில் தெரிந்தன.

பிறகு முதலையைப் பார்த்தார். ஒரு தடவை பாக் குஸ்னானைப் பார்த்தார். மறுபடி முதலையைப் பார்த்தார். முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு நெடுநேரம் இருமினார்.

"சரி, கதைப்படி யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார்.

ஆறு கடைசியில் யாரிடம் இருக்கிறது, அதைப் பார்த்தாலே தெரியுமே என்றார் பாக் குஸ்னான். சுறாவை யாரும் துரத்தவில்லை, கடல் பெரிசு என்று அதுவாகப் போயிற்று என்றார் பாக் மர்சூக்கி. தன் ஆற்றுக்கு வந்து வாலில் கடிபட்டுப் போனவனைப் பற்றித்தானே பேசுகிறோம் என்றார் குஸ்னான். இன்றுவரை வால் நிமிராதவன் யார் என்றார் மர்சூக்கி. அது சீக்கிரமே சுறா, முதலையை விட்டு, போன வருஷம் யார் வாய்க்கால் குப்பை யார் பக்கம் வந்தது என்பதில் போய் நின்றது.

இபு ருசியாத்தி பேனாவை மூடினார். "செஞ்சவரு சொல்லட்டும். அண்ணே, நீங்க சொல்லுங்க."

சுறா என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அன்று இரண்டாம் ஞாயிறு. விடிந்ததிலிருந்து முட்டிவரை ஐந்தாம் வட்டத்து வாய்க்காலில் நின்றுவிட்டு நேரே வந்திருந்தான். போன ஞாயிறு அதே முட்டி நான்காம் வட்டத்து வாய்க்காலில். யோசிக்காமல் வாயில் வந்தது வந்துவிட்டது.

"ஜெயிச்சவனும் வீட்டுக்குப் போயிருப்பான் இபு, தோத்தவனும் வீட்டுக்குப் போயிருப்பான். ஆறுதான் கலங்கிப்போய் அங்கயே கெடந்திருக்கும்."

இபு ருசியாத்தி மறுபடி பேனாவைத் திறந்தார். இன்னொரு முறை மெதுவாகச் சொல்லச் சொல்லி, எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் சான்றிதழ் வந்தது. ஒற்றுமையின் பாடத்தைச் சிலையாக வடித்த இரு வட்டங்களுக்கும் சேர்த்து முதல் பரிசு. ஜுமாதியின் வாக்கியத்தைத் தட்டச்சு செய்து கீழே போட்டிருந்தார்கள், பெயர் இல்லாமல். இரண்டு மிருகங்களில் எது சிறந்தது என்று எங்கும் இல்லை. ஜுமாதி பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தான். அங்கே ஒரு குறிப்பு இருந்தது: பரிசு பெற்ற சிலையை இரு வட்டங்களும் ஒன்றாகச் சேர்ந்து கழுவிப் பராமரிக்க வேண்டும்.

அன்று மாலையே கூட்டம். ஒன்றாகச் சேர்ந்து என்றால் எந்த ஞாயிறு? முதலும் மூன்றும் எங்களுடையது என்றார் குஸ்னான். இரண்டும் நான்கும் எங்களுடையது என்றார் மர்சூக்கி. அப்புறம் இருவரும், சண்டை தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரே குரலில் சொன்னார்கள்: ஐந்தாம் ஞாயிறு.

வருஷத்தில் நான்கைந்து தடவை தப்பித்தவறி வருகிற ஐந்தாம் ஞாயிறு. ஜுமாதிக்கு இருந்த ஒரே ஞாயிறு.

"செஞ்சவனுக்குத்தானே எங்க கழுவணும் எங்க கழுவக்கூடாதுன்னு தெரியும்," என்றார் மர்சூக்கி.

"அதுவும் சரிதான்," என்றார் குஸ்னான்.

"ரெண்டையும் நல்லாச் செஞ்சிருந்தா ஒருவேளை ஒண்ணு ஜெயிச்சிருக்கும். ரெண்டையும் மோசமாச் செஞ்சிருந்தாக்கூட ஒண்ணு தோத்திருக்கும்," என்றாள் வினார்த்தி, வீட்டில். "நீங்க ஒண்ணை நல்லாவும் ஒண்ணை மோசமாவும் செஞ்சீங்க. ரெண்டும் ஜெயிச்சிருச்சு."

முப்பத்தொன்றாம் தேதி ஐந்தாம் ஞாயிறு. ஜுமாதி ஏணி, வாளி, தேங்காய் நார், எல்லாம் எடுத்துக்கொண்டு புறாக் கூண்டையும் எடுத்தான். ஏன் என்று வினார்த்தி கேட்கவில்லை. அவன் ஏணியில் ஏறி, கூண்டை எங்கே மாட்டுவது என்று பார்த்தான். முதலையின் வால் அதற்கென்றே வளைத்தது போல இருந்தது. தரையிலிருந்து நல்ல உயரம். கென்ஜெரான் கம்பம்கூட அவ்வளவுதான் இருக்கும்.

சுறாவின் பல்லை அவன் தேய்த்துக்கொண்டிருந்தபோது புறா கூவியது. மூன்று தரம், கடைசியில் ஒரு இழுப்போடு. சந்தில் போனவர்கள் நின்றார்கள். காபிக் கடைக்காரர் வானொலியைத் தணித்தார். ஜுமாதி நாரைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

கீழே இரண்டு தலைவர்களும் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"எங்க முதலை வால்லதான் ஒக்காந்திருக்கு," என்றார் பாக் குஸ்னான்.

பாக் மர்சூக்கி நெற்றியில் கைவைத்து வெயிலை மறைத்து, நிதானமாகப் பார்த்தார். "மூஞ்சி எங்க சுறாப் பக்கம்ல திரும்பியிருக்கு," என்றார்.