பத்து அங்குல உத்தரம்

தச்சர் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். அன்று காலையில் மட்டும் மூச்சுவிடவில்லை.

பக்கவாதத்தில் படுத்துவிட்ட மனைவியின் கட்டிலுக்கு மேலே ஓர் உத்தரம் வரப்போகிறது. அதில் செங்குத்தாகத் துளை போட்டு, கம்பியை இறக்கிக் கைப்பிடி மாட்ட வேண்டும். இடது கையால் அதைப் பிடித்து அவளாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டால், அவர் பட்டறைக்குப் போகும் பகல் பொழுதைத் தனியாக ஓட்டிவிடலாம். முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடுவேன் என்று மகள் கறாராகச் சொல்லியிருந்தாள்.

உத்தரத்தின் உயரம் பத்து அங்குலம், அகலம் நாலே அங்குலம். கட்டிலருகே முக்காலிகளின் மேல் அதை ஏற்றிவைத்தார். ட்ரில் பிடிப்பவனுக்கு இடவலச் சாய்வு தெரியும், முன்பின் சாய்வு தெரியாது. அதைப் பக்கவாட்டில் நிற்கும் ஆள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் முப்பது வருஷமாக அவருக்கு மட்டம் அவள் கண்தான். படுத்த பிறகும் அதை விட மனசு வரவில்லை, மடத்தனம்.

தலையணையை உயர்த்தி அவளைத் திருப்பிவிட்டார்.

“கொஞ்சம் உங்க பக்கம் இழுங்க,” என்றாள். இழுத்தார். “போதும். இப்ப நேரா இருக்கு.”

அதற்குமேல் யோசிக்காமல் அழுத்தினார். ஏழு அங்குலம் இறங்கியதும் மரத்தின் பக்கவாட்டில் பட்டென்று சிராய் பெயர்ந்தது. ட்ரில் அலகின் நுனி வெளியே வந்து சுற்றியது. குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும் சாய்வு அது.

ட்ரில்லை நிறுத்தினார். அவள் இன்னமும், “நேராத்தான் போகுது,” என்றாள்.

தச்சர் சத்தமில்லாமல் நடந்து ஜன்னல் பக்கம் போனார். அவள் பார்வை அவர் பின்னால் வரவில்லை.

“எத்தனை நாளா?”

“விழுந்த அன்னிலேருந்து. மொதல்ல நிழலாட்டம் தெரிஞ்சுது. இப்ப அதுவும் இல்ல. சொல்லியிருந்தா என்னைத் தனியா விட்டுட்டுப் போவீங்களா? என்னை அங்க அனுப்பிடுவீங்க.”

மரத்தில் இன்னொரு துளைக்கு இடம் இருந்தது. மூலைமட்டம் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. தச்சர் அதைத் தொடவில்லை. சாய்ந்த துளையிலிருந்து அலகை உருவி வைத்துவிட்டு, மகளுக்கு போன் போட்டார்.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் எதுக்கும்மா,” என்றார். “நாளைக்கே வந்துடு.”

கட்டிலில் அவளுடைய இடது கை எழுந்து, அவர் இல்லாத பக்கமெல்லாம் அவரைத் தேடியது.