வலக்கை கிரிப்

நான் இடதுகைக்காரி. பிறவியிலேயே அப்படித்தான். அடையாற்றில் நான் பயிற்சி எடுக்கும் துப்பாக்கி கிளப்பின் செயலாளர் ராகவேந்திரனுக்கு மட்டும் அது என் அடம்.

"எல்லாம் பழக்கம்தாம்மா ஷீலா. ரைட்டுக்கு மாத்திண்டுடு."

ஆறு மாதம் மாற்றியும் பார்த்தேன். வலது கையில் தூக்கினால் பிஸ்டல் தட்டாமாலை சுற்றுகிறது. இடது கையில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. மறுபடி இடதுக்கே வந்துவிட்டேன்.

ஆனால் கிளப்பின் ஏர் பிஸ்டல்கள் அத்தனையும் வலது கைக்குச் செய்தவை. பிஸ்டலைப் பிடிக்கும் கிரிப் இருக்கிறதே, அதை மரத்தில் கையின் அச்சுக்கே செதுக்கியிருப்பார்கள். வலது கையில் அது செருப்பு மாதிரி பொருந்தும். இடது கையில் பிடித்தால், விரல்களுக்கு வெட்டிய பள்ளமெல்லாம் உள்ளங்கையில் குத்தும். கட்டைவிரலுக்கு வைத்த மேடு மற்ற விரல்களை நெட்டித் தள்ளும். ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி இடதுகை கிரிப் மாட்டினால் தீர்ந்தது. இரண்டு வருடமாக ராகவேந்திரனிடம் நான் கேட்டது அதைத்தான். "கமிட்டியில வெக்கறேன்" என்பார். வைத்த மாதிரியும் இல்லை, எடுத்த மாதிரியும் இல்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால் மயிலாப்பூரிலிருந்து ஸ்ரீலக்ஷ்மி வந்து சேர்ந்தாள். அவளும் இடதுகை. பத்தே நாளில் அவள் பிஸ்டலில் இடதுகை கிரிப் ஏறிவிட்டது. கேட்டால், "அது அவ கை அளவுக்கு வரவழைச்சதும்மா" என்றார். என் கைக்கு மட்டும் அளவே கிடையாது போலிருக்கிறது. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் என்ன செய்வாள், பாவம்.

போன ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்கான தேர்வு. அறுபது ஷாட், அறுநூறு பாயிண்ட்டுக்கு ஐந்நூற்று அறுபது எடுக்க வேண்டும். மாநில அணிக்குள் போனால்தான் போலீஸ் வேலைக்கு விளையாட்டு கோட்டாவில் மனுப்போட முடியும். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி நான் வருவது அதற்காகத்தான். இந்த வருடத்தோடு கல்லூரி முடிகிறது, கல்லூரி கொடுத்த கிளப் பாஸும் முடிகிறது.

ஸ்ரீலக்ஷ்மி முதல் பேட்சில் சுட்டு முடித்தாள். நான் இரண்டாவது பேட்ச்.

"சார், அவ முடிச்சிட்டா. அந்த பிஸ்டல இன்னிக்கி மட்டும் குடுங்க சார்."

"போட்டி அன்னிக்குப் புதுசா எதையும் தொடப்படாது. உன்னோடதுலயே சுடு."

சுட்டேன். நாற்பதாவது ஷாட்டில் நடுவிரல் தோல் உரிந்தது. ரத்தம் மரத்தில் வழுக்கியது. பேண்ட்டில் துடைத்துத் துடைத்துச் சுட்டேன். கடைசி இரண்டு ஷாட் எட்டும் ஏழும். மொத்தம் ஐந்நூற்று ஐம்பத்தெட்டு.

ராகவேந்திரன் ஸ்கோர் தாளைத் தூக்கிப் பிடித்து எல்லார் முன்னாலும் சொன்னார்: "ரெண்டே பாயிண்ட்! அப்பவே கைய மாத்திண்டிருந்தா இன்னிக்கு டீம்ல இருந்திருப்பியோல்லியோ?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக ஸ்ரீலக்ஷ்மியிடம் போய்க் கையை நீட்டினேன். அவள் என் விரலைப் பார்த்தாள். பிஸ்டலைக் கொடுத்தாள்.

"சார், நீ பழைய சாம்பியன்தான? உன் சோத்துக்கையாலயே இத்த புடி. ஒரே ஒரு ஷாட் சுட்டுக் காட்டு."

"என்னடிம்மா வம்பு இது?" என்று சிரித்தார். ஆனால் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிக்கொண்டு, நின்று சுடும் கோட்டருகே போய் நின்றார்.

இடதுகை கிரிப் அவருடைய வலது கைக்குள் உட்காரவில்லை. மணிக்கட்டைத் திருப்பினார். விரல்களைப் பிரித்து மறுபடி மடக்கினார். சுண்டுவிரலுக்கு இடமே இல்லை. ஒருவழியாகத் தூக்கிச் சுட்டார். கறுப்பு வட்டத்துக்கு வெளியே, வெள்ளைத் தாளில் ஓட்டை விழுந்தது. நாலு பாயிண்ட்.

"இது என் கைக்குப் பண்ணினதே இல்லையே!" என்று கத்தினார்.

கத்திய பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. முகம் சுண்டிப்போய், பிஸ்டலைக் கீழே வைக்கப் போனார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"இன்னும் அம்பத்தொம்போது கீது சார். சுடு."